மெய்யும் கருவியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விஞ்ஞானம், சுகாதாரம், தொழில்நுட்பம் என்னும் மூன்றினுள்ளும் மனித உடம்பிற்குரிய இடம் யாது என்பதைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். யாம் பள்ளியில் இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் தமிழாசிரியரேயன்றிப் பௌதிக நூலையோ வைத்திய நூலையோ முறையாகப் பயின்றவர் அல்லேம். ஆயினும் முத்துக்குளித்துறையிற் பிறந்தவர்க்கு இப்பொருள் அயலானதன்று. உடம்பையே கருவியாகக் கொண்டு கடலின் அடியை அளந்தவர்களின் பேரர்கள் நாம். அம்முறையில் யாம் கேட்டறிந்தவற்றையும் நூல்களிற் கண்டவற்றையும் உங்கள் முன் வைக்கத் துணிந்தோம். குற்றம் இருப்பின் பெரியோர் பொறுப்பாராக.

தமிழாசிரியர் ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்குகின்றோம். நம் மொழியில் உடம்பிற்கு மெய் என்று பெயர். உண்மைக்கும் மெய் என்றே பெயர். இவ்விரண்டும் ஒரு சொல்லால் வழங்குவதற்குக் காரணம் எதுவாயினும் ஆகுக. கடற்றொழில் செய்வார்க்கு இஃது ஓர் உறுதியான பாடம். ஏட்டில் எழுதியதும் வாயாற் பேசியதும் பொய்யாகலாம். பத்துப் பாகம் ஆழத்தில் உடம்பு உணர்வது பொய்யாகாது. செவி வலித்தால் வலித்ததே. மூச்சு முட்டினால் முட்டியதே. அவ்விடத்தில் வாதம் செல்லாது. கருவி எத்துணைப் புதிதாயினும் அதனைக் கொண்டு இறங்குவது பழைய உடம்பே என்பதே இன்று யாம் சொல்லவந்த செய்தி. ஏனையவெல்லாம் அதன் விரிவு.

கொற்கை முத்தின் புகழ் மதுரைக்காஞ்சி முதலிய பழந்தமிழ் நூல்களிற் காணப்படுவதை நீவிர் அறிவீர்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற பெரிப்புளூஸ் என்னும் கடற்பயண நூலும் கொற்கையைக் குறிப்பிடுகின்றது. ஆனால் அந்நூல் கூறும் மற்றொரு செய்தியை நாம் மேடைகளிற் பேசுவதில்லை. அங்கே தண்டனை பெற்றவர்களைக் கொண்டு முத்தெடுப்பித்தனர் என்பதே அது. முத்து அரசர் முடியில் ஏறிற்று; அதற்காக மூழ்கிய உடம்பு குற்றவாளியின் உடம்பாயிருந்தது. பிற்காலத்திலும் இந்நிலை முற்றும் மாறியதென்று சொல்வதற்கில்லை. 1905 ஆம் ஆண்டு இலங்கைக் கரையில் மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்தைச் சேர்ந்தது. மூழ்கியவர்க்கும் தோணிக்கும் எஞ்சியது மூன்றில் ஒரு பங்கே. ஆகவே, 'முன்னோர் முத்தெடுத்தனர்' என்று பெருமை பேசுங்கால், அம்முத்திற்கு விலையாக அவர்கள் கொடுத்தது யாது என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நிகழ்ந்தது. 1961 ஆம் ஆண்டுக் குளிப்பே இறுதியானது. அதில் மூழ்கியவர்களுள் எம் பாட்டனாரும் ஒருவர். அவர் வாய்மொழியாக யாம் சிறுவயதிற் கேட்ட முறையைச் சுருங்கச் சொல்லுவோம்.

நள்ளிரவு கடந்தபின் கரைக்காற்றுப் பிடித்துத் தோணிகள் பாரை நோக்கிச் செல்லும். பார் என்பது கடலடியிற் சிப்பிகள் பற்றி வளரும் பாறைத்தளம். தொலயிரம் பார் முதலிய பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. இப்பார்கள் பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் வரை ஆழத்திற் கிடப்பன. பொழுது புலர்ந்தபின் குளிப்புத் தொடங்கும். ஒரு கல்லிற்கு இருவர் குளியாளிகள். ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ எடையுள்ள அக்கல்லின் கயிற்றிற் காலை வைத்து, ஒருவர் மூச்சை உள்ளடக்கி இறங்குவார். மற்றவர் தோணியைப் பற்றியவாறு மிதந்து இளைப்பாறுவார். அடி சேர்ந்ததும் கல்லை மேலே இழுத்துக்கொள்வர். குளியாளி தம் கூடையிற் சிப்பிகளை வாரியிட்டுக் கயிற்றை அசைப்பார். மேலிருப்பவர் உடனே இழுப்பார். ஒரு முழுக்குப் பெரும்பாலும் ஒரு நிமிடம். வல்லவர்க்கு ஒன்றரை நிமிடம். அவர் மேலே வந்தபின் இணையாளி இறங்குவார். நண்பகலில் கடற்காற்று எழும். அத்தோடு அன்றைய குளிப்பு முடிந்து தோணிகள் கரை நோக்கித் திரும்பும்.

கயிற்றை யார் பிடிப்பது? மைத்துனன் பிடிப்பதே மரபு என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. தன் உடன்பிறந்தாள் தாலியிழக்க எவனும் ஒருப்படான் ஆதலின், கயிற்றைக் கைநழுவ விடமாட்டான் என்பது அதன் கருத்து. இதைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். ஆனால் எம் பாட்டனார் சிரிக்கமாட்டார். "கல்லை நம்பி இறங்கினேன், மச்சானை நம்பி ஏறினேன்" என்பார்.

இனி, நீருக்குள் உடம்பிற்கு நேர்வது யாது என்று விஞ்ஞானத்தைக் கேட்போம்.

நாம் கரையில் நிற்கும்போது வளிமண்டலம் முழுவதும் நம்மேல் அழுத்துகின்றது. அதனை ஓர் அழுத்தம் என்று கொள்வோம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்குந்தோறும் அதனோடு மேலும் ஓர் அழுத்தம் கூடும். 10 மீட்டரில் இரண்டு. 20 மீட்டரில் மூன்று. அழுத்தம் கூடியவாறே காற்றின் பருமன் குறையும் என்பது 1662 ஆம் ஆண்டில் இராபர்ட்டு பாயில் என்னும் அறிஞர் வெளியிட்ட விதி. கரையில் 6 லிட்டர் காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு 20 மீட்டர் இறங்கியவனுக்கு, அங்கே அக்காற்று 2 லிட்டர் அளவாகச் சுருங்கிவிடும். மேலே வரும்பொழுது மீண்டும் 6 லிட்டராக விரியும். இவ்வொரு விதியை மனத்திற் பதித்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் இதனிடம் திரும்பி வருவோம்.

சுருங்கும் காற்று முதலில் செவியிலேதான் தெரியும். செவிப்பறைக்கு உட்புறத்திலுள்ள காற்றுச் சுருங்கவே, வெளியிலுள்ள நீர் பறையை உள்நோக்கித் தள்ளும். ஓரிரு மீட்டரிலேயே வலி தொடங்கும். பொருட்படுத்தாது இறங்கினால் பறை கிழியும். இதற்கு நம்மவர் செய்த மாற்று யாது? மூக்கை விரலாற் பிடித்துக்கொண்டு வாயை மூடி உள்ளேயே ஊதுவர். "செவி திறந்துகொள்ளும்" என்பார் எம் பாட்டனார். அரபுநாட்டுக் குளியாளிகள் மூக்கிற்குக் கொம்பினாலாகிய கவ்வியை இடுவர். நம்மவர்க்கு விரலே கவ்வி. இம்முறையை இத்தாலி நாட்டு அந்தோனியோ வல்சால்வா என்னும் உடற்கூற்று அறிஞர் 1704 ஆம் ஆண்டில் செவியைப் பற்றிய தம் நூலில் விளக்கினார். இன்றும் வைத்தியர்கள் அவர் பெயராலேயே இதனை வழங்குகின்றனர். குளியாளியின் விரல் அறிந்திருந்ததன் காரணத்தை நூல் விளக்கிற்று. நூல் சிறிது, விரல் பெரிது என்று யாம் சொல்லவில்லை. அறிவு சிலபோது உடம்பில் முதலில் தோன்றி, ஏட்டிற்குப் பிறகு வரும் என்பதையே சொல்லுகின்றோம்.

மூச்சை அடக்கி நீரில் முகத்தை ஆழ்த்தியவுடன் இதயத்துடிப்பு மெல்ல மெல்லக் குறையும். கைகால்களுக்குச் செல்லும் குருதி சுருங்கி, மூளைக்கும் இதயத்திற்கும் மிகுதியாகச் செல்லும். மண்ணீரல் சுருங்கித் தன்னிடமுள்ள செவ்வணுக்களைக் குருதியோட்டத்திற் சேர்க்கும். இவை மனிதர் அனைவர்க்கும் பொதுவானவை. 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, இந்தோனேசியாவில் மூழ்குதலையே தொழிலாகக் கொண்ட பஜாவு மக்களின் மண்ணீரல் அண்டையிலுள்ள சலுவான் மக்களினதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிது என்று கண்டது. இதனைக் கேட்டவுடன், "நம் குலத்தாரும் அவ்வாறே பிறவியில் வேறுபட்டவர்" என்று சொல்ல நம் நா துடிக்கும். அவ்வாறு சொல்லற்க. அளந்தது அவர்களை, நம்மையன்று. முத்துக்குளித்துறையில் நம்மவரே மூழ்கினர் என்பதும் இல்லை. கீழக்கரை முதலிய ஊர்களின் இசுலாமியச் சகோதரர்களும் அரபுநாட்டாரும் மலையாளக் கரையினரும் ஒரே பாரில் மூழ்கினர். கடல் சாதி கேட்டு அழுத்துவதில்லை. நம் முன்னோரைக் காத்தது குருதியின் சிறப்பு என்று எண்ணி இன்றைய பிள்ளைகள் எச்சரிக்கையின்றி இறங்குவாராயின், அப்பெருமையே அவர்க்குக் கூற்றாகும்.

ஆயின், முன்னோரைக் காத்தது எது? வழக்கமே காத்தது என்பது எம் துணிபு. இருவர் மாறிமாறி இறங்குதல்; ஒருவர் மூழ்கும்போது மற்றவர் இளைப்பாறுதல்; நண்பகலில் நிறுத்துதல்; கயிறு பிடிப்பவர் கண்ணிமையாது இருத்தல். காற்றுக்காகவும் கணக்குக்காகவும் ஏற்பட்டவை இவற்றுட் சில. எனினும் இவையனைத்தும் சேர்ந்து உடம்பின் எல்லையைக் காக்கும் வேலியாயின. பசிபிக் கடலில் துவாமோத்துத் தீவுகளின் முத்துக்குளிப்போர் 30, 40 மீட்டர் ஆழத்திற்கு இடைவிடாது பலமுறை மூழ்கிவந்தனர். அவர்களுள் தலைச்சுற்றும் வாதமும் மதிமயக்கமும் உண்டாவதையும், அந்நோயை அவர்கள் 'தாரவானா' என வழங்குவதையும் 1965 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை உலகிற்கு அறிவித்தது. வெறும் மூச்சடக்கி மூழ்குதலிலும் இளைப்பாறும் காலம் போதாவிடில் உடம்பு கெடும் என்பது இதனால் விளங்கும்.

விஞ்ஞானமும் இக்கரையில் அவ்வுடம்பின் துணைகொண்டே வளர்ந்தது. 1902 ஆம் ஆண்டில் ஹெர்டுமன் என்னும் பேராசிரியருடன் இலங்கை முத்துப்பார்களை ஆராய வந்த ஜேம்ஸ் ஹார்னெல், பின்னர்ச் சென்னை மாகாண மீன்துறையின் தலைவராகி, 1914 இல் சங்கைப் பற்றியும் 1922 இல் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றியும் நூல்கள் எழுதினார். பாரில் சிப்பி முதிர்ந்ததா, குளிப்பு நடத்தலாமா என்பதை அக்காலத்தில் அறிந்தது எவ்வாறு? குளியாளிகளை இறக்கி மாதிரிச் சிப்பிகளை எடுப்பித்தே அறிந்தனர். அறிக்கைகளிலுள்ள எண்கள் பலவற்றிற்குப் பின்னால், பெயர் எழுதப்படாத ஒருவருடைய ஒரு நிமிட மூச்சு இருக்கின்றது.

புதுமுறை வந்தபோதும் கை நீங்கவில்லை. 1973 ஆம் ஆண்டில் நம் தூத்துக்குடியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் அழகர்சாமி என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் வளர்ப்பு முத்தை உண்டாக்கினர். 1981 இல் சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியிற் பொரிக்கச் செய்யும் முறையும் கைகூடிற்று. ஆனால், ஒரு சிப்பியின் போர்வைத் தசையிலிருந்து சிறு துண்டை நறுக்கி, மணியோடு சேர்த்து மற்றொரு சிப்பியின் உடலுள் அது சாகாதவாறு பொருத்துவது கைப்பழக்கமே. கை நடுங்கினால் முத்து இல்லை.

இனித் துன்பமான பகுதிக்கு வருகின்றோம்.

முத்துக்குளிப்பு நின்றபின் சங்கு குளிப்பு எஞ்சியது. கண்ணாடியும் துடுப்புக் காலணியும் வந்தன. பின்னர்ச் சில படகுகளில் காற்றடைக்கும் கம்பிரசர் பொறியும் நீண்ட குழாயும் ஏறின. அக்குழாயை வாயிற் கவ்வி இறங்கினால் ஒரு நிமிடமன்று, ஒரு மணியும் அதற்கு மேலும் அடியில் இருக்கலாம். வேறென்ன வேண்டும் என்று இளைஞர் எண்ணினர்.

எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன். பெயரும் ஊரும் வேண்டா. வகுப்பில் செய்யுளை மனப்பாடம் செய்யச் சொன்னால் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். அதனால் உடன்பயில்வோர் அவனை எள்ளுவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் சங்குக்குப் போனான். ஒருநாள் கம்பிரசர் குழாயோடு நெடுநேரம் அடியில் இருந்து, பலமுறை இறங்கி ஏறினான். மாலையில் தோள் வலிக்கின்றது என்றான். எண்ணெய் தேய்த்தனர். இரவில் கால் மரத்தது. வாதம் என்றனர், காற்றுச் சேட்டை என்றனர். ஒற்றடமிட்டனர். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும்போது இரண்டு நாட்கள் கழிந்திருந்தன. உயிர் பிழைத்தான். இன்று இரு கோல்களை ஊன்றி நடக்கின்றான். யாம் காணச் சென்றபொழுது அவன் தாயார் எம்மை ஒரு வினா வினவினார்: "ஐயா, என் பிள்ளைக்கு மூச்சடக்க நன்றாகத் தெரியுமே! அவன் அப்பாவே சொல்லிக் கொடுத்தாரே! பிறகு எப்படி இப்படி ஆயிற்று?"

அன்று எமக்கு விடை தெரியவில்லை. இலக்கணம் கற்பித்தவர்க்கு அத்தாயின் வினாவிற்கு விடை தெரியாமற் போயிற்றே என்னும் வருத்தத்தினாலேயே பிறகு தேடிப் படித்தோம். அவ்விடையே இச்சொற்பொழிவு.

விடை இது. 20 மீட்டர் ஆழத்தில் குழாய்வழி வரும் காற்று, அவ்வாழத்தின் அழுத்தத்தோடே, அதாவது மூன்று அழுத்தத்தோடே நெஞ்சிற்குள் வருகின்றது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அழுத்தம் மிகுந்தால் வாயு திரவத்தில் மிகுதியாகக் கரையும் என்பது 1803 இல் வில்லியம் ஹென்றி கண்ட விதி. ஆதலின் நைட்ரஜன் குருதியிலும் கொழுப்பிலும் நரம்பிலும் நேரம் ஆக ஆகக் கரைந்து சேருகின்றது. மூச்சடக்கி மூழ்குபவனிடம் இருப்பது ஒரு நெஞ்சளவுக் காற்றே, ஒரு நிமிடமே. குழாயில் மூச்சு விடுபவனுக்கோ முடிவில்லாது வந்துகொண்டிருக்கின்றது. அவன் விரைந்து மேலேறினால், சோடாப் புட்டியைத் திறந்தவுடன் பொங்குதல்போலக் கரைந்த வாயு குமிழியாகும். மூட்டிலே குமிழி தங்கினால் வலி. முதுகுத்தண்டிலே தங்கினால் காலில் வாதம். மூளையிலே தங்கினால் மரணமும் நேரலாம். முன்னர்க் கூறிய பாயிலே, 1670 இல் காற்றை நீக்கிய கலத்துள் ஒரு பாம்பை இட்டு, அதன் கண்ணில் குமிழி தோன்றக் கண்டார். 1878 இல் பிரான்சு நாட்டுப் பால் பெர்ட்டு அக்குமிழி நைட்ரஜனே என்று நாட்டினார். 1908 இல் ஸ்காட்லாந்து நாட்டவராகிய ஹால்டேன், ஆடுகளைக் கொண்டு பரிசோதித்து, படிப்படியாக நின்று நின்று மேலேறும் அட்டவணையை வெளியிட்டார். ஆகவே இந்நோய் புதிதன்று. அதைத் தவிர்க்கும் வழியும் புதிதன்று. பொறி நம் கரைக்கு வந்தது. பொறியோடு வரவேண்டிய அறிவு வரவில்லை. இதுவே குறை.

இன்னும் ஒன்று. பாயில் விதியை நினைவிற் கொள்ளுமாறு கேட்டோம் அன்றோ? மூச்சடக்கி இறங்கியவனின் காற்று கீழே சுருங்கி, மேலே வரும்போது தன் பழைய அளவிற்கே விரிகின்றது. அதனால் அவனுக்குத் தீங்கில்லை. குழாயில் மூச்சு விடுபவன் 20 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்து, அம்மூச்சை அடக்கியவாறே மேலே வந்தால், 6 லிட்டர் காற்று 18 லிட்டராக விரிய முயலும். நெஞ்சு எங்ஙனம் தாங்கும்? நுரையீரல் கிழிந்து காற்று குருதிக்குழாயிற் புகும். மிகச் சிறிய ஆழத்திலும் இவ்விபத்து நேரக்கூடும். தந்தை மைந்தனுக்குச் சொன்ன முதற்பாடம் "மூச்சை விடாதே" என்பது. பொறியின் முதற்பாடம் "மூச்சை அடக்காதே" என்பது. பழைய தொழிலில் உயிர்காத்த பழக்கமே புதிய தொழிலில் உயிரைக் கொள்ளுகின்றது. அத்தாயின் வினாவிற்கு விடை இதனுள்ளும் இருக்கின்றது: பிள்ளைக்கு மூச்சடக்கத் தெரிந்திருந்தது, இப்பொறிக்கு அது போதாது என்பதை ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை.

பழையதை விட்டு ஒழித்துப் புதியதைக் கொள்ளுங்கள் என்றோ, பொறியைக் கடலிலே எறிந்துவிடுங்கள் என்றோ யாம் சொல்ல முன்வரவில்லை. பொறி கயிற்றை நீக்கிற்று. கயிறு பிடித்த மைத்துனனையும் உடன் நீக்கிவிட்டது. இணையாளியையும் நண்பகல் ஓய்வையும் நீக்கிற்று. அவ்வேலியைப் புதிய முறையில் மீண்டும் கட்டுவதே நம் கடமை. அதற்குச் சில வழிகளைக் கூறி அமைகின்றோம்.

முதலாவது, குழாய் கவ்வி இறங்குதல் பற்றிய அரசாங்க விதிகளைச் சங்கம் கேட்டறிந்து எல்லார்க்கும் உரைத்தல் வேண்டும். தக்காரிடம் முறையாகப் பயிலாத எவரும் இறங்கலாகாது. காற்றடைக்கும் பொறி சக்கரத்திற்குக் காற்றடைக்க ஆக்கியதாயின் அது நெஞ்சிற்கு ஆகாது. எஞ்சினின் புகை அதன் வாயிற் புகுந்தால், அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு குருதியைப் பற்றிக்கொண்டு பிராணவாயுவுக்கு இடங்கொடாது.

இரண்டாவது, ஆழமும் நேரமும் எழுதப்படல் வேண்டும். அமெரிக்கக் கடற்படையாரின் பழைய அட்டவணைப்படி, இடையில் நில்லாது மேலே வருவதற்கு 18 மீட்டரில் 60 நிமிடமும் 30 மீட்டரில் 25 நிமிடமுமே எல்லை. இஃது அன்றைய முதல் முழுக்கிற்குச் சொன்னது. அடுத்த முழுக்கிற்கு முன்னைய நைட்ரஜனும் உடம்பில் இருப்பதால் எல்லை இன்னும் குறுகும். மேலேறுவது நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேற்படலாகாது.

மூன்றாவது, குழாயின்றி மூழ்குவோர்க்கு ஒரு சொல். இறங்குமுன் விரைவாகப் பலமுறை மூச்சிரைத்துக் கொள்ளற்க. மூச்சு முட்டுகின்றது என்று உடம்பு அறிவிப்பது பிராணவாயு குறைந்ததனாலன்று, பெரும்பாலும் கரியமில வாயு மிகுந்ததனாலேயாகும். மூச்சிரைத்து அதனை முன்கூட்டியே வெளியேற்றினால், உடம்பின் எச்சரிக்கை வருமுன்னரே நினைவு தப்பும். ஒருவர் மூழ்கும்போது ஒருவர் மேலே பார்த்திருத்தல் என்னும் பாட்டன்மார் விதியைக் கைவிடற்க.

நான்காவது, ஏறியபின் மூட்டுவலி, மரமரப்பு, தலைச்சுற்று, சிறுநீர் தடைப்படல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் எண்ணெய் தேய்த்துக் காலம் போக்கற்க. நோயாளியைப் படுக்கவைத்துப் பிராணவாயு கொடுத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்று, "இத்துணை ஆழத்தில், இத்துணை நேரம், குழாய்க் காற்றைச் சுவாசித்தான்" என்று வைத்தியரிடம் முதற்சொல்லாகச் சொல்லுக. மீண்டும் கடலில் இறக்கிக் குணப்படுத்த முயலற்க. இந்நோய்க்கு அழுத்த அறையில் வைத்துச் செய்யும் சிகிச்சையே மருந்து. அத்தகைய அறை எவ்வூரில் உள்ளது, எவ்வழியாக எத்துணை நேரத்திற் சேரலாம் என்பதைச் சங்கம் முன்னமே விசாரித்து எழுதி, துறைதோறும் ஒட்டிவைத்தல் வேண்டும். துறைக்கு ஒரு பிராணவாயு உருளை வாங்கி வைப்பது நம் சங்கத்தின் சக்திக்கு மேற்பட்டதன்று. விழாக்காலத்தில் ஒரு நாள் வாணவேடிக்கைக்கு ஆகும் பொருளில் இது முடியக்கூடும். பனிமய மாதாவும் அதற்குக் குறைபட்டுக் கொள்ளமாட்டாள் என்பது எம் நம்பிக்கை.

ஐந்தாவது, 1961 ஆம் ஆண்டு மூழ்கியவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலராவர். அவர்கள் அறிந்த பார்களின் பெயர்களையும், கரையடையாளங்களை நேர்பிடித்து அவற்றைக் கண்ட முறையையும், கயிற்றின் குறிகளையும் இளைஞர் எழுதிக்கொள்ளல் வேண்டும். எம் பாட்டனார் சொன்னவற்றிற் பாதியை யாம் எழுதாமல் இழந்தோம்.

அன்பர்களே! தாய்மார்களே! அம்மாணவன் இப்பொழுது தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, சங்குக்குச் செல்லும் சிறுவர்களை நிறுத்தி, ஆழத்தையும் நேரத்தையும் எழுதும் முறையைச் சொல்லிக் கொடுக்கின்றான். யாம் தேடிப் படித்த அட்டவணையைப் பெரிய எழுத்தில் எழுதி அவனிடம் கொடுத்தோம். அவன் அதனைத் திண்ணைச் சுவரிற் பதித்திருக்கின்றான். சிறுவர்கள் முதலில் அவன் கோல்களைப் பார்க்கின்றனர். பிறகு சுவரைப் பார்க்கின்றனர். எம் பாட்டனாருக்கு மேலே கயிறு பிடிக்க ஒரு மைத்துனர் இருந்தார். இன்று இறங்கும் பிள்ளைகளுக்கு அக்கயிற்றை நம் சங்கம் பிடிக்குமா என்பதே உங்கள் முன் யாம் வைக்கும் வினா. இம்மாதமே ஒரு குழு அமைத்து அதற்கு விடை கூறுவீர்களாக.